பதினைந்து வயது எஸ்யூவியை வீட்டு வாசலில் வைத்தே பராமரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய டீசல் எஸ்யூவியில் இன்ஜின் அவ்வளவு சீக்கிரம் போகாது. அதைச் சுற்றி ஓடும் ஆயிலும் கூலண்டும், அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் ரப்பரும்தான் முதலில் போகும். கவனிக்காமல் விட்டால் போகிற போக்கில் இன்ஜினையும் கூட்டிக்கொண்டு போய்விடும். இந்த இரண்டையும் பார்த்துக்கொள்ளப் பெரிய ஒர்க் ஷாப் தேவையில்லை. சமதளமான ஓர் இடம், ஞாயிற்றுக்கிழமைக் காலை, சுமாரான ஸ்பேனர் செட், கொஞ்சம் பொறுமை போதும்.

இங்கே நான் மனதில் வைத்து எழுதுவது மஹிந்திரா ஸ்கார்பியோவை. 2002-ல் அறிமுகமான வண்டி. பின்னால் வந்த 2179 சிசி எம்ஹாக் இன்ஜின் போட்டவை இன்னமும் ஊர் ஊராக ஓடிக்கொண்டிருக்கின்றன. லேடர் சேஸிஸ் (ஏணி மாதிரியான இரும்புச் சட்டம்), பின்சக்கர இழுவை, முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம். பொலேரோ, பழைய சஃபாரி, சுமோ வைத்திருப்பவர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும். எத்தனை லிட்டர், எந்த கிரேடு, எவ்வளவு இறுக்கம் என்பதை மட்டும் உங்கள் வண்டியின் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

சொந்த வண்டியின் ஆர்.சி. 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன்பிறகு ஆர்.டி.ஓ. ஆய்வு முடித்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அந்த நேரத்தில் தரகரிடம் ஓடுவதைவிட, வண்டியை முன்கூட்டியே நாமே சரியாக வைத்திருப்பது செலவு குறைந்த வழி.

என்னென்ன வேண்டும்

8 முதல் 24 வரை ரிங் ஸ்பேனர், சாக்கெட் செட், ராட்செட், ஆலன் கீ, நல்ல ஸ்க்ரூடிரைவர்கள், ஒரு டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்), ஒரு மல்டிமீட்டர். மலிவு ஸ்பேனர் வாங்காதீர்கள். ஒரே இழுப்பில் நட்டின் மூலை மழுங்கிவிடும். அப்புறம் வெல்டிங் ஆளைத்தான் தேட வேண்டும்.

எதில் கஞ்சத்தனம் பார்த்தாலும் ஜாக்கி ஸ்டாண்டில் பார்க்காதீர்கள். வண்டியோடு வந்த ஜாக்கி, சாலையோரத்தில் ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும்தான். அதை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடக் கூடாது. ஹைட்ராலிக் ஜாக்கியும் அப்படித்தான், சீல் போனால் சொல்லாமல் இறங்கிவிடும். ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். அது விரிசல் விட்டு நொறுங்கக் கூடிய கல். சேஸிஸுக்கு அடியில் இரண்டு பக்கமும் ஸ்டாண்ட், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை, வண்டி முதல் கியரில், ஹேண்ட் பிரேக் இழுத்து. தூக்கி நிறுத்தியதும் கையால் ஒருமுறை நன்றாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் இறக்கி மறுபடி வையுங்கள்.

ஸ்பேனரைத் தொடும் முன் ஒரு சுற்று

இரவு வண்டியை நிறுத்தும்போது அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்துவிடுங்கள். காலையில் அதில் இருக்கும் கறைகள் பாதிக் கதையைச் சொல்லிவிடும். கறுப்பாக, பிசுக்காக இருந்தால் இன்ஜின் ஆயில். பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் கூலண்ட். பின்பக்கம் நடுவில் கெட்டியாக, கந்தக நாற்றத்தோடு இருந்தால் டிஃபரன்ஷியல் (பின் ஆக்சிலின் நடுவில் இருக்கும் கியர் உருண்டை) ஆயில். சக்கரத்தின் உள்பக்கம் நனைந்திருந்தால் பெரும்பாலும் பிரேக் ஆயில். அன்றைக்கு வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். நிறமில்லாத தண்ணீர் ஏசியிலிருந்து வருவது, அதை விட்டுவிடலாம்.

பிறகு புகை. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது கறுப்பாக வந்தால் காற்று குறைகிறது அல்லது டீசல் அதிகம்: ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ், இ.ஜி.ஆர். (புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் வால்வு) என்ற வரிசையில் பாருங்கள். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளையாக வந்துகொண்டே இருந்து, கூலண்டும் குறைந்தால், ஹெட் கேஸ்கட்டை, அதாவது இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகட்டைச் சந்தேகிக்கலாம்.

ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். பால் விட்ட காபி மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு தானாகக் கூடினாலும் சந்தோஷப்பட வேண்டாம், டீசல் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். இந்த இரண்டில் எது தெரிந்தாலும் மேற்கொண்டு எதையும் கழற்றாமல் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

இன்ஜின் ஆயில் மாற்றுவது

1. வண்டியை ஐந்து, பத்து நிமிடம் ஓட்டி ஆயிலைச் சூடாக்குங்கள். கொதிக்கக் கூடாது, இளகினால் போதும்.

2. மேலே ஆயில் மூடியைத் திறந்து வையுங்கள். அடியில் சம்பின் (ஆயில் தேங்கும் தொட்டியின்) டிரெயின் நட்டை ஸ்பேனரால் இளக்கி, கடைசிச் சுற்றுகளைக் கையால், உள்நோக்கி அழுத்திக்கொண்டே சுற்றி, சட்டென்று எடுங்கள். இப்படிச் செய்தால் சூடான ஆயில் முழங்கை வரை ஓடாது.

3. ஆயில் வடியட்டும், அவசரப்படாதீர்கள். வடிந்த ஆயிலை விரலில் தேய்த்து வெயிலில் பாருங்கள். டீசல் வண்டியில் ஆயில் கறுப்பாக இருப்பது இயல்பு. புது ஆயிலே சில நாளில் கறுத்துவிடும். ஆனால் மினுமினுவென்று உலோகத் தூள் தெரிந்தால் பேரிங் தேய்கிறது.

4. டிரெயின் நட்டின் செப்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள். பழைய வாஷரைப் போட்டு, ஒழுகுகிறதே என்று நட்டை இன்னும் இறுக்கி, கடைசியில் சம்பின் மரையே போவதுதான் வழக்கமாக நடக்கும் கதை.

5. ஃபில்டர் டப்பா வகையாக இருந்தால், புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி, கையால் சுற்றி, வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று. ஸ்பேனர் போட வேண்டாம். பழைய ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். இரண்டு வளையம் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்தால் ஸ்டார்ட் செய்த உடனே ஆயில் பீய்ச்சியடிக்கும். உள்ளே காகித ஃபில்டர் மட்டும் மாற்றும் வகை என்றால் அதனுடன் வரும் ஓ-ரிங்குகள் அத்தனையையும் மாற்றுங்கள்.

6. கையேடு சொன்ன அளவைவிட அரை லிட்டர் குறைவாக ஊற்றி, ஸ்டார்ட் செய்து, ஆயில் விளக்கு அணைந்ததும் நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக் பார்த்து மீதியை ஊற்றுங்கள்.

பழைய டீசல் இன்ஜின்களில் 15டபிள்யூ-40 பரவலாகப் புழங்கும் கிரேடு. விலை உயர்ந்த ஆயில் ஊற்றி நாள் தள்ளுவதைவிட, சரியான கிரேடை நேரத்துக்கு மாற்றுவதே பழைய வண்டிக்கு நல்லது என்பது என் கட்சி. வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். கேனில் பிடித்து ஒர்க் ஷாப்பில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.

கூலண்ட்: நம் ஊரில் அதிகம் வண்டிகளைக் கொல்லும் இடம்

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றுவது நம் பக்கம் சர்வ சாதாரணம். வீட்டு வாளியின் ஓரத்தில் வெள்ளையாகப் படியும் உப்பு இருக்கிறதே, அதேதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. குழாய் அடைத்தால் சூடு ஏறும், சூடு ஏறினால் ஹெட் வளையும். அப்புறம் செலவு ஐந்து இலக்கத்தில்.

இன்ஜின் முழுக்க ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். உள்ளே இருக்கும் கூலண்ட் அழுத்தத்தில் இருப்பதால் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும். ஈரத்துணியைப் போட்டுத் திறக்கலாம் என்பவர்களை நம்பாதீர்கள்.

ஹீட்டர் குமிழைச் சூடு பக்கம் முழுக்கத் திருப்புங்கள், அந்தப் பாதையும் திறக்கும். ரேடியேட்டரின் கீழ்த் திருகு அல்லது கீழ் ஹோஸ் வழியாகப் பழையதை வடியுங்கள். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஆறவைத்து, வடியுங்கள். தெளிவாக வரும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். பிறகு கூலண்டும் டிஸ்டில்ட் வாட்டரும் சரிபாதியாகக் கலந்து நிரப்புங்கள். தயார் நிலையில் கலந்து வரும் கூலண்ட் என்றால் அதில் தண்ணீர் சேர்க்கக் கூடாது, டப்பாவைப் படித்துப் பாருங்கள். வேறு வேறு வகைக் கூலண்டுகளைக் கலக்காதீர்கள், சிலது உள்ளே கூழாகிவிடும்.

நிரப்பிய பின் மூடியைத் திறந்தபடியே ஐடிலில் ஓடவிடுங்கள். மேல் ஹோஸ் திடீரென்று சூடாகும். ரேடியேட்டருக்குப் போகும் வழியைச் சூட்டைப் பொறுத்துத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்துவிட்டது என்று பொருள். குமிழிகள் வந்து அளவு இறங்கும். மறுபடி நிரப்பி மூடுங்கள்.

தெர்மோஸ்டாட் பற்றி ஒரு விஷயம். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்" என்று அதைக் கழற்றி எறியும் பழக்கம் நிறைய மெக்கானிக்குகளிடம் இருக்கிறது. வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இன்ஜின் சீக்கிரம் தன் வேலைச் சூட்டுக்கு வரவும், அதிலேயே நிற்கவும்தான் அது. இல்லாவிட்டால் இன்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடும். மைலேஜ் குறையும், கரி கூடும், உள்பாகங்கள் வேகமாகத் தேயும். வேலை செய்கிறதா என்று பார்ப்பது எளிது. கழற்றி, ஒரு பழைய பாத்திரத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். தண்ணீர் கொதிநிலையை நெருங்கும்போது நடுத்தட்டு மெல்ல விலக வேண்டும், ஆறும்போது மூட வேண்டும். விலகாவிட்டால் புதிது வாங்குங்கள். அந்தப் பாத்திரத்தை மறுபடி சமையலறைக்குக் கொண்டுபோக வேண்டாம், வீட்டில் யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

ரப்பர்

இன்ஜின் ஆறியிருக்கும்போது ஒவ்வொரு ஹோஸையும் விரலால் அழுத்துங்கள். கொழகொழவென்று இருந்தாலோ, மொறுமொறுவென்று சத்தம் கேட்டாலோ, கிளிப்பு ஓரத்தில் புடைத்திருந்தாலோ மாற்ற வேண்டும். மாற்றும்போது கிளிப்பையும் சேர்த்து மாற்றுங்கள்.

டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு (டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் பெட்டிக்கு) போகும் ஹோஸ்தான் பழைய டீசல் எஸ்யூவியின் பெரிய ஏமாற்றுக்காரன். வெளியே நன்றாகத் தெரியும்; அடிப்பக்கம், மடிப்பில் கிழிந்திருக்கும். மேட்டில் இழுவை இருக்காது, விசில் சத்தம் கேட்கும், கறும்புகை தள்ளும். டர்போ போய்விட்டது என்று பெரிய தொகை சொல்வதற்கு முன் இந்த ஹோஸைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்து, மடக்கிப் பாருங்கள். உள்ளே லேசான ஆயில் ஈரம் இருப்பது சாதாரணம்.

பேன் பெல்ட்டில் குறுக்கு வெடிப்புகள் தெரிந்தால் மாற்றுங்கள். கழற்றிய பெல்ட் இன்னும் ஓடும் நிலையில் இருந்தால் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் போட்டு வையுங்கள், இரவில் எங்காவது கைகொடுக்கும். டயருக்கும் வயது உண்டு: பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கம் தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டையும் சொல்லும். 2318 என்றால் 2018-ன் இருபத்து மூன்றாவது வாரம். பட்டன் நன்றாக இருக்கிறதே என்று ரப்பர் இறுகிப்போன டயரில் நெடுஞ்சாலை ஏறாதீர்கள்.

சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்கள் போனால் பள்ளத்தில் டொக் டொக் என்று கேட்கும். முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள்: ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் டை ராட் எண்ட். கண்டுபிடிப்பது வரை நம் வேலை. மாற்றுவதற்கு பிரஸ் வேண்டும், பிறகு அலைன்மென்ட்டும் வேண்டும்.

டீசல் ஃபில்டர், கியர் ஆயில்

டீசல் ஃபில்டரின் அடியில் இருக்கும் தண்ணீர் வடிக்கும் திருகை அவ்வப்போது இளக்கி, ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். ஃபில்டர் மாற்றினால் கைப்பம்பை அது இறுகும்வரை அமுக்கிக் காற்றை எடுத்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஏர் ஃபில்டரைக் கம்ப்ரஸரில் ஊதி ஊதி ஓட்டாதீர்கள், காகிதம் ஓட்டை விழும்.

கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல் ஆயில் மாற்றும்போது ஒரே ஒரு விதி: ஊற்றும் நட்டை முதலில் கழற்றுங்கள், அது கழன்ற பிறகே வடிக்கும் நட்டைத் தொடுங்கள். ஆயிலை வடித்துவிட்டு, மேல் நட்டு துருப்பிடித்துக் கழலாமல் போனால் வண்டி அங்கேயே உட்கார்ந்துவிடும். டிஃபரன்ஷியலுக்கு பொதுவாக ஜி.எல்-5, கியர் பாக்ஸுக்கு கையேடு ஜி.எல்-4 என்று சொன்னால் அதையே ஊற்றுங்கள், ஜி.எல்-5-ல் உள்ள சில சேர்மானங்கள் சிங்க்ரோ வளையத்தின் (கியர் உரசாமல் விழ உதவும் வளையத்தின்) பித்தளையை அரிக்கக் கூடும். கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ்களில் (மூட்டுகளில்) கிரீஸ் நிப்பிள் இருந்தால், பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை கிரீஸ் கன் அடியுங்கள்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2023 மிக்ஜாம் புயல் போன்ற நேரத்தில் ஆக்சில் முங்கும் தண்ணீரில் வண்டி நின்றிருந்தால் டிஃபரன்ஷியல் ஆயிலைக் கட்டாயம் பாருங்கள். சூடான பாகம் தண்ணீரில் குளிரும்போது மூச்சுக்குழாய் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்கலாம் என்று தோன்றினால் சாவியைத் திருப்பவே கூடாது. தண்ணீரை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

பிரேக்

முன் டிஸ்க் பேட் மாற்றுவதை நீங்களே கற்றுக்கொள்ளலாம். சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று இளக்கி, தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றுங்கள். பேடின் தேயும் பகுதி 3 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும். காலிப்பரை (பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகத்தை) கழற்றியதும் பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டித் தூக்கி வையுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும் முன் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து அளவைப் பாருங்கள். நிரம்பி இருந்தால் வழிந்து பெயிண்டைத் தின்றுவிடும். காலிப்பர் நகரும் பின்களைத் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிகான் கிரீஸைத் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். ஒரு பக்கம் மட்டும் பேட் தேய்ந்திருந்தால் இந்தப் பின் இறுகியிருப்பதுதான் பெரும்பாலும் காரணம். பிரேக் தூசியை வாயால் ஊதாதீர்கள்.

வேலை முடிந்ததும், வண்டியை நகர்த்தும் முன், பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். இதை விட்டுவிட்டால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட்-4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியதும் அது 155 வரை இறங்கலாம். கொல்லிமலை, ஊட்டி இறக்கத்தில் பெடல் பஞ்சாவது இதனால்தான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். இதற்கு இரண்டு பேர் வேண்டும். உள்ளே தம்பியோ மச்சானோ உட்காரட்டும். "மிதி" என்றால் மிதித்து, "மிதிச்சிட்டேன்" என்று சொல்லி அப்படியே பிடித்திருக்க வேண்டும். நீங்கள் சக்கரத்தின் உள்பக்கம் பிரேக்கில் இருக்கும் நிப்பிளை (காற்றை வெளியேற்றும் திருகை) இளக்க, அதில் மாட்டிய ட்யூப் வழியே ஆயிலும் குமிழியும் வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் "விடு". மூடுவதற்குள் காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். நம் வலதுபக்க ஸ்டியரிங் வண்டிகளில் வழக்கமான வரிசை: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. டப்பாவில் ஆயில் அடிவரை குறைய விடக் கூடாது.

கரண்ட்

காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் பேட்டரியில் மல்டிமீட்டர் வையுங்கள். 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நல்லது. 12-க்குக் கீழே என்றால் காலி. ஓடும்போது 13.8-லிருந்து 14.5-க்குள் காட்டினால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது.

பேட்டரி புதிது, ஸ்டார்ட்டரும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது என்றால் எர்த்தைப் பாருங்கள். இன்ஜினையும் சேஸிஸையும் இணைக்கும் பின்னல் பட்டை துருவேறியிருக்கும். கழற்றி, இரண்டு முனையையும், அவை உட்காரும் இரும்பையும் எமரி பேப்பரால் பளபளவென்று தேய்த்து மாட்டுங்கள். டேஷ்போர்டில் விளக்குகள் மங்குவது, மீட்டர் முள் தானாக ஆடுவது போன்ற விளங்காத கோளாறுகளில் பல இந்த ஒரு பட்டையோடு முடிந்துவிடும். பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில்.

உதிரிபாகமும் விட்டுவிட வேண்டிய வேலைகளும்

சென்னையில் புதுப் பாகங்களுக்கு ஜி.பி. ரோடு, பழையவற்றுக்குப் புதுப்பேட்டை. கதவு, கண்ணாடி, விளக்கு, சீட் இதெல்லாம் புதுப்பேட்டையில் தாராளமாக வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங், பால் ஜாயிண்ட் மட்டும் பழையது வேண்டாம், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும்.

காமன் ரெயில் இன்ஜெக்டர் பைப்பை நீங்கள் இளக்காதீர்கள். ஓடும்போது அதில் இருப்பது ஆயிரம் பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மேற்பட்ட அழுத்தம். கசியும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அதற்கு டீசல் பம்ப் கடை இருக்கிறது. காயில் ஸ்பிரிங், ஏசி கேஸ், ஏர்பேக், ஹெட் வேலை, சேஸிஸ் வெல்டிங், கிளட்ச் இவையும் அப்படியே. கொடுக்கும்போது "வண்டி சரியில்லை" என்று மொட்டையாகச் சொல்லாமல் எப்போது, எந்த வேகத்தில், சூடான பிறகா முன்பா என்று சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தேதி, கிலோமீட்டர், மாற்றியது என்ன, விலை என்ன என்று ஒரு நோட்டில் எழுதி டேஷ்போர்டுக்குள் போட்டு வையுங்கள். அடுத்த முறை "எல்லாத்தையும் மாத்தணும் சார்" என்று யாராவது சொல்லும்போது அதைத் திறந்து காட்டலாம்.